கண்ணுக்குள் ஒரு இரும்புத் துகள்: யூலியஸ் ஹிர்ஷ்பெர்க்கின் கதை



கண் டாக்டர்கிட்ட போனா ஒரு சின்ன டார்ச்சை எடுத்து நேரா நம்ம மூஞ்சிக்கு முன்னாடி பிடிப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? அப்போ ரெண்டு கண்ணுலயும் ஒரு குட்டி வெள்ளைப் புள்ளி தெரியும். டாக்டர் பார்க்கிறது அந்தப் புள்ளியைத்தான். அது ரெண்டு கண்பாவைக்கும் (கண்ணுக்கு நடுவுல இருக்கிற கறுப்பு ஓட்டை) கிட்டத்தட்ட நடுவுல இருந்தா கண்ணு நேரா இருக்குன்னு அர்த்தம். ஒரு கண்ணுல மட்டும் கண்பாவையோட ஓரத்துக்கு நகர்ந்திருந்தா சுமார் 15 டிகிரி மாறுகண். கருவிழியோட விளிம்புக்கே போயிருந்தா சுமார் 45 டிகிரி. ஸ்கேல் வேண்டாம், மெஷின் வேண்டாம், குழந்தை பேசக்கூட வேண்டாம். ஒரே நொடியில ஒரு கோணத்தை அளந்தாச்சு.

இதுக்குப் பேர் ஹிர்ஷ்பெர்க் சோதனை. டார்ச்சே இல்லாத காலத்துல மெழுகுவர்த்தியை வெச்சு இதைச் செஞ்சவர் யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். உலகத்துல இருக்கிற எல்லா கண் டாக்டருக்கும் இவர் பேர் தெரியும். ஆனா என்ஜினியரிங் பசங்களுக்கு இவரைத் தெரிய வேண்டிய காரணம் வேற. நம்ம மாதிரி சுத்தியலும் உளியும் பிடிக்கிறவங்க கண்ணுக்குள்ள போன இரும்பை, நம்ம லேப்ல சுத்துற அதே மின்காந்தத்தை வெச்சு வெளியே எடுத்துக் காட்டினவர் இவர்தான்.

இரும்பு நகரத்தில் ஒரு டாக்டர்

ஹிர்ஷ்பெர்க் 1843 செப்டம்பர் 18-ஆம் தேதி பெர்லினுக்குப் பக்கத்துல இருக்கிற போட்ஸ்டாம் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிச்சு 1866-ல் பட்டம் வாங்கினார். அப்போ ஐரோப்பாவிலேயே கண் மருத்துவத்துக்கு பெரிய பேர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப. பல நாடுகள்ல இருந்து டாக்டர்கள் அவர்கிட்ட கத்துக்க பெர்லினுக்கு வருவாங்க. ஹிர்ஷ்பெர்க் அவர்கிட்டயே உதவியாளரா சேர்ந்தார். 1869-ல் பெர்லினில் சொந்தமா ஒரு கண் மருத்துவமனை ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு வயசு 26கூட ஆகல, இல்ல ஆகியும் ஆகாம இருந்திருக்கும். அடுத்த வருஷமே குரு கிரேஃப 42 வயசுல இறந்துட்டார்.

அந்த நேரத்து பெர்லினைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அது வேகமா தொழிற்சாலை நகரமா மாறிட்டு இருந்துச்சு. ஒரானியன்பர்க் வாசல் பக்கத்துல போர்சிக் கம்பெனி ரயில் என்ஜின் தயாரிச்சது. அந்த ஏரியா முழுக்க உலைக்கூடமும் பட்டறையுமா புகைஞ்சதால மக்கள் அதுக்கு நெருப்பு நாடுன்னே பேர் வெச்சிருந்தாங்க. பாய்லர் தகட்டை உளி வெச்சு வெட்டணும், ரிவெட் தலையை அடிச்சு எடுக்கணும், வார்ப்படத்தைச் சுத்தம் பண்ணணும். எல்லாத்துக்கும் சுத்தியல்தான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்தாத காலம்.

அடிச்சு அடிச்சு உளியோட தலை காளான் மாதிரி விரிஞ்சு போறதை நாம ஃபிட்டிங் ஷாப்ல பார்த்திருக்கோம். அடுத்த அடியில அந்த விரிஞ்ச ஓரத்துல இருந்து ஒரு சில்லு தெறிக்கும். ஒரு மில்லிமீட்டர் கனசதுர எஃகுத் துண்டோட எடை சுமார் 7.8 மில்லிகிராம்தான். ஆனா அது போற வேகத்துல கார்னியாவை, அதாவது கண்ணோட முன்பக்கக் கண்ணாடி மாதிரியான பகுதியைத் துளைச்சுட்டு உள்ளே போயிடும்.

வலிக்காத காயம்

இங்கதான் இந்தக் கதையோட முக்கியமான விஷயம் இருக்கு. கண்ணுக்கு வெளியே தூசி ஒட்டினா உறுத்தும், தண்ணி கொட்டும், நாம சும்மா இருக்க மாட்டோம். ஆனா வேகமா வந்த சின்னத் துண்டு உள்ளேயே போயிட்டா நிறைய பேருக்கு ஒரு சுருக்குன்னு குத்தின உணர்வு மட்டும்தான். போன வழி தானே மூடிக்கும். கண்ணுக்கு உள்ளே விட்ரியஸ்ங்கிற ஜெல்லியில வலி நரம்பு கிடையாது. அன்னைக்குப் பார்வையும் நல்லாவே இருக்கலாம். வேலை செஞ்சவர் கண்ணைத் தேய்ச்சுட்டு மறுபடி சுத்தியலை எடுத்துடுவார்.

உள்ளே போன இரும்பு சும்மா இருக்காது. நம்ம கெமிஸ்ட்ரி பாடத்துல படிச்ச அரிப்பு அங்கேயும் நடக்கும். இரும்பு மெதுவா அயனியா கரையும். அந்த அயனிகள் கண்ணுக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடோட சேர்ந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை உருவாக்கும். அதாவது செல் சவ்வையே எரிக்கிற பொருள். கரைஞ்ச இரும்பு கண்ணுக்குள்ள இருக்கிற மெல்லிய திசுக்களுக்குள்ள போய் சேரும். இதுக்கு மருத்துவத்துல சிடரோசிஸ்னு பேர். சிடரோஸ்னா கிரேக்கத்துல இரும்பு.

எப்படித் தெரியும்? முதல்ல நிறம் மாறலாம். ஐரிஸ், அதாவது கண்பாவையைச் சுத்தி இருக்கிற நிறமுள்ள வளையம், துருப்பிடிச்ச பழுப்பு நிறமா ஆகும். ரெண்டு கண்ணும் ரெண்டு நிறத்துல தெரியும். நீலக் கண்ணா இருந்தா பளிச்னு தெரியும், நம்ம ஊர் கறுப்புக் கண்ணுல கண்டுபிடிக்கிறது கஷ்டம். லென்ஸ்ல பழுப்புப் புள்ளிகள் விழும், புரை வரும். ரெட்டினா மெதுவா செத்துட்டே வரும். ராத்திரியில பார்வை மங்கும்.

அப்புறம் கண்பாவை. ஐரிஸ்ல ரெண்டு தசை இருக்கு. ஒண்ணு கண்பாவையைச் சுருக்கும், இன்னொண்ணு விரிக்கும். வெளிச்சம் அடிச்சா சுருங்கணும், இருட்டுல விரியணும். கேமராவோட அப்பெர்ச்சர் மாதிரின்னு வெச்சுக்கங்க. இரும்பு இந்தத் தசைகளையும் அதுக்குப் போற நரம்பு முனைகளையும் பாதிச்சா, கண்பாவை விரிஞ்சபடியே நின்னுடும். டார்ச் அடிச்சாலும் சரியா சுருங்காது. சில நேரம் துண்டு ஐரிஸைக் கிழிச்சுட்டுப் போயிருந்தா, கண்பாவை வட்டமா இல்லாம ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருக்கும். ஐரிஸ்லயே ஒரு குட்டி ஓட்டை தெரியலாம்.

இதெல்லாம் மறுநாள் நடக்கிறதில்ல. வாரக்கணக்குல, மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல ஆகும். அதுக்குள்ள அந்த ஆளுக்கு அன்னைக்கு உளி அடிச்சதே மறந்து போயிருக்கும்.

எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது

1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள்ள பார்க்கிற ஆஃப்தால்மோஸ்கோப் என்ற கருவியைக் கண்டுபிடிச்சார். நம்ம பிசிக்ஸ் புத்தகத்துல வர்ற அதே ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான். அதனால ஹிர்ஷ்பெர்க் தலைமுறை டாக்டர்களால உள்ளே மினுங்குற இரும்பைச் சில நேரம் நேராவே பார்க்க முடிஞ்சது. ஆனா ரத்தம் கலங்கியிருந்தாலோ லென்ஸ் புரையாகியிருந்தாலோ ஒண்ணும் தெரியாது. எக்ஸ்ரே 1895-ல்தான் வந்தது.

தெரிஞ்சாலும் எடுக்கிறது எப்படி? கண் உருண்டையோட நீளமே சுமார் 24 மில்லிமீட்டர். அதுக்குள்ள ஜெல்லி. அதுல மிதக்கிற ஒரு மில்லிமீட்டர் துண்டை இடுக்கி விட்டுத் தேடினா, துண்டு வருதோ இல்லையோ ரெட்டினா கிழிஞ்சுடும். அதனால நிறைய பேருக்கு அந்தக் கண்ணையே எடுத்துடுவாங்க. இதுக்கு இன்னொரு பயங்கரமான காரணமும் உண்டு. ஒரு கண்ணுல ஆழமான காயம் பட்டா, சில பேருக்குப் பிறகு நல்லா இருக்கிற இன்னொரு கண்ணும் வீங்கி பார்வை போயிடும். உடம்போட எதிர்ப்பு சக்தியே ரெண்டாவது கண்ணைத் தாக்குறதால வர்ற விஷயம் அது. ரெண்டும் போறதுக்கு பதிலா ஒண்ணு போகட்டும்னு முடிவெடுப்பாங்க.

ஒரு பட்டறைத் தொழிலாளிக்கு இதோட அர்த்தம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஜெர்மனியில தொழிற்சாலை விபத்துக்கான காப்பீட்டுச் சட்டமே 1884-ல்தான் வந்தது. அதுக்கு முன்னாடி கண்ணு போச்சுன்னா பெரும்பாலும் வேலையும் போச்சு.

காந்தம் புதுசு இல்ல

இரும்புன்னா காந்தம்னு யாருக்குமே தோணலையான்னு கேட்கலாம். தோணியிருக்கு. சுஸ்ருத சம்ஹிதையிலேயே உடம்புல தைச்ச ஆயுதத் துண்டுகளை எடுக்கிற வழிகள்ல காந்தக்கல்லும் ஒண்ணா வருது.

கண்ணுக்குன்னு பார்த்தா ரொம்பப் பிரபலமான சம்பவம் சுவிட்சர்லாந்துல இருக்கிற பெர்ன் நகரத்துல நடந்தது. வருஷம் 1624. வில்ஹெல்ம் ஃபாப்ரி என்ற பெரிய அறுவை மருத்துவர்கிட்ட கார்னியாவுல எஃகுச் சில்லு தைச்ச ஒரு ஆள் வந்தார். ஃபாப்ரி என்னென்னவோ செஞ்சு பார்த்தும் சில்லு வரல. அவர் மனைவி மாரி கோலினெ, அவங்களும் மருத்துவம் தெரிஞ்சவங்க, காந்தக்கல்லை வெச்சுப் பார்க்கலாமேன்னு யோசனை சொன்னாங்க. சில்லு குதிச்சு வந்து கல்லுல ஒட்டிக்கிச்சு. ஃபாப்ரி இதை எழுதும்போது யோசனை மனைவியோடதுன்னு தெளிவா எழுதி வெச்சார். அந்த நேர்மையாலதான் 400 வருஷம் கழிச்சும் அந்த அம்மா பேர் நமக்குத் தெரியுது.

ஆனா அது கண்ணோட மேல்பரப்புல இருந்த சில்லு. உள்ளே ஜெல்லியில புதைஞ்சதை இழுக்க இயற்கைக் காந்தத்துக்கு பலம் போதாது. 1874-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்ல மெக்கியோன் என்ற டாக்டர் ஒரு நிரந்தரக் காந்தத்தோட முனையைக் காயத்து வழியா உள்ளேயே விட்டுத் துண்டை எடுத்துக் காட்டினார். அந்த வழி சரியான வழிதான். பலம்தான் பத்தல.

1879

மின்காந்தம் அப்போ புது விஷயம் இல்ல. இங்கிலாந்துல ஸ்டர்ஜன் 1820-களிலேயே செஞ்சுட்டார். தந்தி மெஷின் எல்லாம் அதுலதான் ஓடிட்டு இருந்தது. ஹிர்ஷ்பெர்க் பண்ணினது, அதைக் கையில பிடிக்கிற அறுவைக் கருவியா மாத்தினது. மெல்லிரும்புத் தண்டு, அதைச் சுத்தி காப்புப் போட்ட செம்புக் கம்பி, கரண்ட்டுக்கு ஒரு பேட்டரி செல், முன்னாடி கண்ணுக்குள்ள நுழையிற அளவுக்கு மெல்லிய மழுங்கிய முனை. 1879-ல் இதை வெச்சு கண்ணுக்குள்ள இருந்து இரும்பை வெற்றிகரமா எடுத்தார். மின்காந்தத்தை இப்படிக் கண் அறுவையில பயன்படுத்தினவர்னு வரலாறு இவரைத்தான் சொல்லுது.

ஏன் இது மெக்கியோனோட காந்தத்தை விட நல்லதுன்னு நமக்கே புரியும். ஆம்பியர் சுற்றுகளைக் கூட்டினா பலம் கூடும். ஸ்விட்ச் போட்டா காந்தம், எடுத்தா வெறும் கம்பி. எப்போ இழுக்கணும்னு டாக்டர் முடிவு பண்ணலாம். முனையோட வடிவத்தை மாத்தலாம்.

அப்போ ஏன் முனையை உள்ளேயே விடணும், வெளியே இருந்து இழுக்கக் கூடாதா? இதுக்கும் நம்ம பாடத்துல பதில் இருக்கு. இரும்புத் துண்டை இழுக்கிற விசை, காந்தப்புலம் எவ்வளவு பெரிசுங்கிறதை மட்டும் வெச்சு வர்றதில்ல. அந்தப் புலம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமா மாறுதுங்கிற சரிவும் வேணும். முனைக்குப் பக்கத்துல அந்தச் சரிவு அதிகம். தள்ளிப் போகப் போக மளமளன்னு விழுந்துடும். தூரம் ரெண்டு மடங்கானா விசை பாதி ஆகும்னு நினைக்கக் கூடாது, அதை விட ரொம்பவே குறைஞ்சுடும். அதோட விசை துண்டோட பருமனைப் பொறுத்தது. நீள அகல உயரம் எல்லாம் பாதியானா, இழுப்பு எட்டுல ஒரு பங்குதான். சின்னத் துண்டுதான் எடுக்கக் கஷ்டமானது.

ஹிர்ஷ்பெர்க் வெறும் கைவேலைக்காரர் இல்ல. அவருக்குக் கணக்குல ரொம்ப ஈடுபாடு. 1874-லேயே மருத்துவப் புள்ளியியலோட கணித அடிப்படையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினவர். 1877-ல் கண் மருத்துவத்துக்குன்னு ஒரு மாத இதழ் தொடங்கி பல வருஷம் நடத்தினார். காந்த அறுவையிலும் ஒரு கேஸ் ஜெயிச்சதும் அதோட நிறுத்தல. 1885-ல் கண் மருத்துவத்தில் மின்காந்தம் பத்தித் தனிப் புத்தகமே போட்டார். 1899-ல் காந்த அறுவையைப் பத்தி மறுபடி ஒரு புத்தகம்.

சின்ன காந்தமா, பெரிய காந்தமா?

1892-ல் சூரிச் நகரத்து ஓட்டோ ஹாப் வேற ஒரு வழியோட வந்தார். மேஜையில நிக்கிற ராட்சசக் காந்தம். நோயாளி தலையை அதுக்கு முன்னாடி கொண்டு போய் வெச்சா, கண்ணுக்குள்ளே எதையும் விடாம வெளியே இருந்தே இரும்பை முன்பக்கத்துக்கு இழுக்கலாம். பின்னாடி இருந்த துண்டு லென்ஸைச் சுத்தி முன்னாடி வரும், அங்க இருந்து எடுத்துடலாம். கருவியை ஜெல்லிக்குள்ள விடுற ஆபத்து இல்ல.

ஹிர்ஷ்பெர்க் கட்சிக்குக் கவலை வேற. அவ்வளவு பெரிய விசையில ஒரு கூரான துண்டு எந்த வழியா வரும்னு யார் கையிலயும் இல்லையே? வர்ற வழியில லென்ஸையோ ஐரிஸையோ கிழிச்சா? ரெண்டு தரப்பும் வருஷக்கணக்கா இதழ்கள்லயும் மாநாடுகள்லயும் வாதாடினாங்க. கட்டுப்பாடா, பலமாங்கிற இந்தச் சண்டை நம்ம எல்லா டிசைன் ப்ராஜெக்ட்லயும் வர்றதுதான். கடைசியில டாக்டர்கள் ரெண்டையுமே வெச்சுக்கிட்டாங்க. துண்டு எங்க இருக்கு, எவ்வளவு பெரிசுங்கிறதைப் பார்த்து எது சரியோ அது.

ஆனா எந்தக் காந்தமா இருந்தாலும் முதல்ல தெரிய வேண்டியது ஒண்ணு இருக்கு. உள்ளே இரும்பு இருக்கா? எக்ஸ்ரே வர்றதுக்கு முன்னாடியே இதுக்கும் காந்தத்தைத்தான் நம்பினாங்க. நூல்ல தொங்குற ஒரு காந்த ஊசிக்குப் பக்கத்துல கண்ணைக் கொண்டு போனா, உள்ளே இரும்பு இருந்தால் ஊசி விலகும். 1894-ல் ஆஸ்முஸ் என்ற டாக்டர் இதை சிடரோஸ்கோப்னு ஒரு நுட்பமான கருவியா செஞ்சார். எக்ஸ்ரே கண்டுபிடிச்ச கொஞ்ச காலத்துலயே கண்ணுக்குள்ள இருக்கிற உலோகத்தைப் படம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

முன்னோர்களைத் தேடி

இவ்வளவு பண்ணினவருக்கு பெர்லின் பல்கலைக்கழகத்துல முழுப் பேராசிரியர் நாற்காலி கிடைக்கவே இல்ல. 1879-ல் பேராசிரியர் பட்டம், 1900-ல் கௌரவப் பேராசிரியர், அவ்வளவுதான். அந்தக் காலத்து பிரஷ்யாவுல மதம் மாறாத யூதர் ஒருத்தர் அந்த நாற்காலி வரைக்கும் போறது ரொம்ப அபூர்வம். அவர் தன் மருத்துவமனையிலயே வேலை செஞ்சார், அங்கேயே பாடம் எடுத்தார்.

1892-ல் உலகத்தைச் சுத்திவர ஒரு பயணம் கிளம்பினார். ஜப்பான், இந்தியான்னு சுத்திட்டு வந்து 1894-ல் அதைப் புத்தகமா எழுதினார். அதுக்கப்புறம் அவர் தலையில ஏத்திக்கிட்ட வேலைதான் மலைக்க வைக்குது. கண் மருத்துவத்தோட மொத்த வரலாறு. எகிப்து, கிரேக்கம், பழைய இந்தியா, அரபு நாடுகள், ஐரோப்பான்னு எல்லாத்தையும் மூலநூல்களுக்கே போய் படிச்சு எழுதணும்னு முடிவு பண்ணினார். அரபு மொழி அறிஞர்களோட சேர்ந்து ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அரபுக் கண் மருத்துவ நூல்களை ஜெர்மனில் கொண்டு வந்தார். அலி இப்னு ஈசாவும், குழல் ஊசியால புரையை உறிஞ்சி எடுத்த மோசுல் நகரத்து அம்மாரும் ஐரோப்பாவுக்கு மறுபடி தெரிய வந்தது இப்படித்தான். 1899-ல் வெளிவர ஆரம்பிச்ச அந்த வரலாறு முடிய கிட்டத்தட்ட 20 வருஷம் ஆச்சு. பின்னாடி இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தப்போ 11 பாகம் வந்தது!

தன் பேரை நிலைநாட்ட முதல் ஆள் நான்தான்னு சொல்றது சுலபம். இவர் தனக்கு முன்னாடி யார் யார் என்ன செஞ்சாங்கன்னு தேடி எழுதுறதுல வாழ்க்கையோட கடைசிப் பகுதியைச் செலவு பண்ணினார். 1925 பிப்ரவரி 17-ஆம் தேதி, 81 வயசுல, பெர்லின்ல இறந்தார்.

அந்தக் காந்தம் இன்னைக்கு எதிரியா வரும்போது

இன்னைக்கு கண்ணுக்குள்ள இருக்கிற துண்டைக் கண்டுபிடிக்க சி.டி. ஸ்கேன் இருக்கு. 1970-களுக்கு அப்புறம் ஜெல்லியையே மெதுவா வெட்டி உறிஞ்சி எடுத்துட்டு, மைக்ரோஸ்கோப்புல பார்த்துக்கிட்டே நுண்ணிய இடுக்கியால எடுக்கிற விட்ரெக்டமி அறுவை வந்துடுச்சு. காந்த முனையும் இன்னும் கூடவே இருக்கு. ஹிர்ஷ்பெர்க் பார்த்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனா ஒரு சிக்கல் மட்டும் அப்படியே இருக்கு, இன்னும் மோசமாவே ஆகியிருக்கு. ஒருத்தருக்கு ஒரு கண்பாவை மட்டும் பெரிசா இருக்கு, வெளிச்சத்துக்கு சுருங்கல. டாக்டருக்கு முதல்ல என்ன பயம் வரும்? மூளை. மூளையில ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்தினாலும் கண்பாவை இப்படி ஆகும். அது உயிர் போற விஷயம். அதனால மூளையைப் படம் எடுக்கச் சொல்லுவாங்க, அதுல எம்.ஆர்.ஐ.யும் ஒண்ணு. எம்.ஆர்.ஐ.ன்னா ராட்சசக் காந்தம். 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா. உள்ளே மறந்து போன இரும்புத் துண்டு இருந்தா அது அங்கேயே நகரும். 1986-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில் இதேதான் இருக்கு. உலோக வேலை செஞ்ச ஒருத்தர், கண்ணுல துண்டு இருக்கிறதே தெரியாம எம்.ஆர்.ஐ.க்குள்ள போனார். துண்டு நகர்ந்து கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு அந்தக் கண்ணோட பார்வை போச்சு. ஹாப் காந்தத்தைப் பத்தி ஹிர்ஷ்பெர்க் பக்கம் பயந்த அதே விஷயம், டாக்டர் யாரும் பார்க்காத நேரத்துல நடந்திருக்கு.

அதுக்காகத்தான் இப்போ எம்.ஆர்.ஐ. எடுக்கிறதுக்கு முன்னாடி தர்ற ஃபார்ம்ல ஒரு கேள்வி வரும்: எப்பவாவது கண்ணுல உலோகத் துண்டு பட்டிருக்கா, உலோக வேலை செஞ்சிருக்கீங்களா? நிறைய பேர் யோசிக்காமலே இல்லைன்னு டிக் போட்டுட்டுப் போயிடுறாங்க. அந்தக் கேள்வி நம்மளைத்தான் கேட்குது. ஃபிட்டிங், ஸ்மித்தி, கிரைண்டிங், ப்ராஜெக்ட்டுக்காக வெளிப் பட்டறையில வெல்டிங்னு நாலு வருஷத்துல எல்லாத்தையும் தொட்டவங்க நாம. சந்தேகம் இருந்தா சொல்லிடுங்க. முதல்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

ஒண்ணு சொல்லணும், யாரும் பயந்துடாதீங்க. ரெண்டு கண்பாவையும் துளி வித்தியாசமா இருக்கிறது அஞ்சுல ஒருத்தருக்கு சாதாரணமாவே உண்டு. ரெண்டும் வெளிச்சத்துக்கு நல்லா சுருங்குதுன்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. புதுசா ஒரு பக்கம் பெரிசாச்சு, சுருங்கல, வடிவம் மாறிடுச்சுன்னாதான் அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். கூடவே கடுமையான தலைவலி, இமை தொங்குறது, ரெட்டையா தெரியறதுன்னு ஏதாவது இருந்தா நேரா எமர்ஜென்சிக்கே போயிடுங்க.

வொர்க்‌ஷாப்புக்கு சுருக்கமா நாலு விஷயம்:

சுத்தியல் இரும்பு மேல விழுற எந்த வேலைக்கும் காகிள்ஸ் போடுங்க. அடிக்கிறவர் மட்டும் இல்ல, பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கிறவரும்தான்.

உளியோட தலை விரிஞ்சிருந்தா முதல்ல அதை கிரைண்ட் பண்ணி சரி பண்ணுங்க.

ஏதோ தெறிச்சு கண்ணுல பட்ட மாதிரி இருந்தா தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, நீங்களே எடுக்கப் பார்க்காதீங்க. முக்கியமா, இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு யாரும் லேப் காந்தத்தைக் கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க! வலி இல்லன்னாலும், பார்வை நல்லா இருந்தாலும், அன்னைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்க.

டாக்டர்கிட்ட கண்ணு சிவந்திருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. உளியால இரும்பை வெட்டிட்டு இருந்தேன்னு சொல்லுங்க. ஹிர்ஷ்பெர்க்கோட காந்தம் தேடிப் பார்க்கச் சொன்ன இடத்துலதான் வேலை செய்யும். எங்க தேடணும்னு டாக்டருக்கு உங்க வாயில இருந்து வர்ற அந்த ஒரு வரியிலதான் தெரியும்.